ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு அரசியல்

கேள்வி: எனக்கும் என் தம்பிக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே பள்ளியில் படித்தோம். படிப்பு முடியும்வரை அப்பா சொல்வதுதான் இருவருக்கும் அரசியல். ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சமீபத்தில் வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை பற்றிப் பேச்சு வந்தது. "உழைக்கிறவன் காசை எடுத்து உழைக்காதவனுக்கு ஏன் தரணும்?" என்றான். "உனக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அற உணர்வு பிறப்பிலேயே வருகிறது, அதுதான் ஒருவரை இடதுசாரியாகவோ வலதுசாரியாகவோ ஆக்குகிறது என்று பிறகு ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் அவன் பிறந்ததே அப்படித்தானா? அவனோடு வாதாடிப் பயனே இல்லையா? என் கருத்தும் நானாக யோசித்து வந்தது இல்லையா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தம்பி உதவித்தொகைக்கு எதிரியாகப் பிறக்கவில்லை. யாரும் அப்படிப் பிறப்பதில்லை. அதற்காக நீங்கள் படித்த கட்டுரையை முழுப் பொய் என்றும் சொல்லமாட்டேன். பாதி தூரம் ஒழுங்காகப் போய், அங்கிருந்து முடிவுக்கு ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. அந்தத் தாவல் எங்கே நடந்தது என்று தெரிந்துகொண்டால் தம்பியிடம் மறுபடி பேச ஒரு வழியும் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

ஒழுங்கான பாதியை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு செயல் சரியா தப்பா என்பதை நாம் பெரும்பாலும் கண நேரத்தில் உணர்ந்துவிடுகிறோம். காரணங்களைத் தேடுவது அதற்கு அப்புறம். பகுத்தறிவு உணர்ச்சிகளுக்கு அடிமை என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஹைட் 2001இல் அதே எண்ணத்தை இன்றைய உளவியலின் கோட்பாடாக முன்வைத்தார். ஆனால் அதற்கு முன்பே, 1993இல், அவர் சில்வியா கோலர், மரியா டயஸ் என்ற இருவரோடு சேர்ந்து செய்த ஆய்வுதான் எனக்கு அதிகம் பிடித்தது. பிரேசிலிலும் அமெரிக்காவிலும் பலதரப்பட்ட ஆட்களிடம் சில குட்டிக் கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். அதில் ஒன்று இது: ஒரு குடும்பத்தின் வளர்ப்பு நாய் வீட்டு வாசலில் கார் மோதிச் செத்துவிடுகிறது. நாய்க்கறி ருசியாக இருக்கும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்த அந்தக் குடும்பத்தார் அதை வெட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். இது தப்பா?

படிக்கும்போதே உங்கள் முகம் சுளித்திருக்கும். அந்த ஆய்வில் கேட்டவர்களுக்கும் அப்படித்தான். சுவாரசியம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வசதியும் கல்லூரிப் படிப்பும் உள்ளவர்களில் பலர், "குமட்டுகிறது, ஆனால் அது அவர்கள் பாடு" என்ற மாதிரி பதில் சொன்னார்கள். வறுமையில் இருந்தவர்களில் பலர் அது தப்பு, யாராவது தடுத்திருக்க வேண்டும் என்றார்கள். எந்த நாட்டுக்காரர் என்பதைவிட எந்த வர்க்கத்துக்காரர் என்பதே பதிலை அதிகமாக மாற்றியது. ஆக, முகச்சுளிப்பு கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருகிறது. அதைத் தீர்ப்பாக மாற்றுவதா, "எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்று ஓரமாக வைத்துவிடுவதா என்பதை வளர்ப்பும் வாழ்க்கையும் கற்றுத் தருகின்றன. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் படித்த கட்டுரை எந்தக் கோட்பாட்டைச் சொல்கிறது என்று ஊகிக்க முடிகிறது. 2004இல் ஹைட்டும் கிரெய்க் ஜோசப்பும் தொடங்கிவைத்த அற அடித்தளக் கோட்பாடு அது. துன்பப்படுகிறவரைக் கண்டு இரங்குவது, நியாயம் பார்ப்பது, தன் கூட்டத்துக்கு விசுவாசமாக இருப்பது, பெரியவர்களுக்கும் அதிகாரத்துக்கும் மதிப்புக் கொடுப்பது, தூய்மையையும் புனிதத்தையும் காப்பது ஆகிய ஐந்துக்கும் மனித மனத்தில் பிறவியிலேயே விதை இருக்கிறது என்பது அதன் வாதம். 2009இல் வந்த ஆய்வில், தாராளவாதிகள் (அமெரிக்க அரசியலில் இடதுசாரிப் பக்கம் இருப்பவர்கள்) முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு பேசுவதும், பழமைவாதிகள் (வலதுசாரிப் பக்கம்) ஐந்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இடம் கொடுப்பதும் தெரிந்தது. இந்தத் தொடர்பு பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து எது எதை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. கட்டுரை தாவிய இடம் இதுதான்.

பிறவியிலேயே உள்ளது என்றால் என்ன? உளவியலாளர் கேரி மார்கஸ் இதற்குத் தரும் விளக்கம் எளிமையானது. இயற்கை ஒரு முதல் வரைவைக் கொடுக்கிறது, அனுபவம் அதைத் திருத்துகிறது. அனுபவத்துக்கு முன்பே ஓரளவு ஒழுங்காக அமைந்திருப்பதுதான் பிறவியில் வருவது. மாற்றவே முடியாதது என்று அதற்குப் பொருள் இல்லை.

இந்த முதல் வரைவில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளிடம் போனார்கள். 2007இல் வெளியான பிரபலமான ஆய்வில், மேட்டில் ஏற முயலும் ஒரு பொம்மைக்கு உதவும் பொம்மையையும், அதைக் கீழே தள்ளிவிடும் பொம்மையையும் 6 மாதக் குழந்தைகளுக்கும் 10 மாதக் குழந்தைகளுக்கும் காட்டினார்கள். கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் உதவிய பொம்மையைத்தான் எடுத்தன. பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. ஆனால் 37 ஆய்வகங்கள் கைகோத்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் இதே மாதிரி சோதனையைச் செய்து 2024இல் முடிவை வெளியிட்டபோது, உதவிய பொம்மையை எடுத்தவை பாதிக் குழந்தைகள்தான். பூவா தலையா போட்டது போல. இதனால் குழந்தைக்கு அற உணர்வே கிடையாது என்று ஆகிவிடாது, ஆனால் "பச்சிளங் குழந்தைக்கே நல்லது கெட்டது தெரியும்" என்று அடித்துச் சொல்கிறவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம்.

என்னைக் கேட்டால், இன்னொரு ஆய்வு இதைவிட நிறையச் சொல்கிறது. கனடா, இந்தியா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, அமெரிக்கா என்று ஏழு நாடுகளில் 4 முதல் 15 வயதுக் குழந்தைகளிடம் நடந்தது, 2015இல் வெளியானது. இரண்டு குழந்தைகள் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடுவில் ஒரு கருவி, இரண்டு தட்டுகள், தின்பண்டம். யாருக்கு எவ்வளவு என்பதை ஆய்வாளர் பிரித்து வைக்கிறார். முடிவெடுக்கும் குழந்தையின் கையில் இரண்டு பிடிகள். பச்சையை இழுத்தால் இருவருக்கும் அவரவர் தட்டில் இருப்பது கிடைக்கும். சிவப்பை இழுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. தனக்கு ஒன்று, எதிரில் இருப்பவருக்கு நான்கு என்று வைத்தால், ஏழு நாடுகளிலும் குழந்தைகள் ஒரு வயதுக்கு மேல் சிவப்பை இழுத்தார்கள். எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்கும் வேண்டாம்! இதையே திருப்பி, தனக்கு நான்கு எதிரில் இருப்பவருக்கு ஒன்று என்று வைத்தபோது சிவப்பை இழுக்கும் வழக்கம் கனடா, அமெரிக்கா, உகாண்டா மூன்றில் மட்டும், அதுவும் கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளிடம் மட்டும் தெரிந்தது. குறைத்துக் கொடுத்தால் கோபம் வருவது எங்கும் உண்டு. கூடக் கிடைத்தால் கூச்சப்படுவது சூழலைப் பொறுத்து வருகிறது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். அரசியல் ரத்தத்தில் ஊறியதா என்பதை இரட்டையர்களை வைத்துப் பார்ப்பது ஒரு வழி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. மற்ற இரட்டையர்கள் சாதாரண அக்கா தம்பி போலத்தான், மரபணு வேறுபாடுகளில் சராசரியாகப் பாதியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட அரசியலில் அதிகம் ஒத்துப்போனால் அந்த வித்தியாசத்தில் மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம். ஜான் ஆல்ஃபோர்ட், கேரலின் ஃபங்க், ஜான் ஹிப்பிங் மூவரும் 2005இல் அமெரிக்க இரட்டையர் தரவுகளை வைத்து இப்படிக் கணக்குப் போட்டார்கள். மரண தண்டனை, வரி போன்ற பல விஷயங்களைச் சேர்த்துப் பார்த்த பொதுவான அரசியல் சாய்வில், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணுவோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. எந்தக் கட்சிக்காரர் என்பதில் மரபணுவின் பங்கு மிகக் குறைவு, வளர்ந்த வீட்டின் பங்குதான் தூக்கலாக இருந்தது.

2009இல் பீட்டர் ஹதேமியும் சகாக்களும் வெளியிட்டது உங்கள் வீட்டுக் கதையைப் படித்துவிட்டு எழுதியது போலவே இருக்கும். அரசியல் மனப்பான்மையில் மரபணுவின் பங்கு எந்த வயதில் தலைகாட்டுகிறது என்று பார்த்தார்கள். பதின்ம வயது முழுக்க ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சூழல்தான், குறிப்பாக வீடு. 20 வயதைத் தாண்டி, அதுவும் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறியவர்களிடம்தான் அது தெரிய ஆரம்பித்தது. நீங்கள் இருவரும் அப்பாவின் அரசியலைப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, வேலைக்குப் போன பிறகு ஆளுக்கொரு திசையில் போனது வினோதமே இல்லை, பரவலாக நடப்பது. வீட்டின் பிடி தளர்ந்ததும் அவரவர் மனப்போக்கு தனக்குத் தோதான ஆட்களையும் செய்திகளையும் தேடிக்கொள்கிறது.

ஆனால் இதை வைத்துத் தம்பிக்கு முத்திரை குத்திவிடாதீர்கள். "பாதி" என்பது ஒரு மக்கள்தொகைக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் தம்பியின் கருத்தில் பாதி மரபணு, பாதி அவர் சொந்தச் சரக்கு என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அப்புறம், உதவித்தொகைக்கென்று ஒரு மரபணு எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. மிகச் சின்ன விளைவுள்ள எண்ணற்ற மரபணு வேறுபாடுகள், சுபாவத்தின் வழியாக, சுற்றி வளைத்துத்தான் இங்கே வந்து சேர்கின்றன. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தரலாம் என்று காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 1996இல் 27 சதவீதம், 2021இல் 70 சதவீதம். அருவருப்பும் புனித உணர்வும்தான் இந்த விஷயத்தில் பலருடைய எதிர்ப்புக்கு வேர் என்று கோட்பாடு சொல்லும். அந்த வேர் இருந்த இடத்திலேயே இருக்க, கருத்து தலைகீழானது.

(பயமுறுத்தும் படத்தைப் பார்த்தால் பழமைவாதிகளின் உடல் அதிகம் பதறுகிறது என்று 2008இல் 46 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு பெரும் புகழ் பெற்றது. உங்கள் கட்டுரையிலும் வந்திருக்கலாம். 2020இல் பெர்ட் பாக்கரும் சகாக்களும் இன்னும் நிறையப் பேரை வைத்து மறுபடி செய்து பார்த்தபோது அது தேறவில்லை. அதை மறந்துவிடலாம்.)

சரி, பிறவிக் குணம் அரசியலைத் தீர்மானிக்கவில்லை என்றால் இரண்டும் ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன? பல நேரம் அம்பு எதிர்த் திசையில் பாய்கிறது என்பதுதான் நான் நம்பும் பதில். ஹதேமி, கிராப்ட்ரீ, கெவின் ஸ்மித் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்களிடம் கால இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்ட தரவுகளைப் பார்த்தார்கள். ஒருவரது அரசியலை வைத்து அவரது அற அடித்தள மதிப்பெண்கள் (அந்த ஐந்துக்கும் அவர் எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று கேள்வித்தாள் காட்டும் அளவு) எப்படி மாறும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. அற மதிப்பெண்களை வைத்து அரசியல் எப்படி மாறும் என்று சொல்வது அந்த அளவுக்குக் கூடவில்லை. முதலில் பக்கம் சேர்கிறோம், அந்தப் பக்கத்துக்குத் தோதாக மனசாட்சி பேசக் கற்றுக்கொள்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதவித்தொகையை வைத்தே ஒரு சோதனை உண்டு. ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்டது. அமெரிக்க மாணவர்களுக்கு இரண்டு நலத்திட்டங்களில் ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். ஒன்று தாராளமானது, மற்றது கையை இறுக்கிப் பிடிப்பது. கட்சிப் பெயர் இல்லாமல் கொடுத்தபோது தாராளவாதிகளுக்குத் தாராளத் திட்டமும் பழமைவாதிகளுக்குக் கறார்த் திட்டமும் பிடித்தது, எதிர்பார்த்தபடிதான். "இதை உங்கள் கட்சி ஆதரிக்கிறது" என்ற ஒரு வரியைச் சேர்த்ததும் திட்டத்தின் உள்ளடக்கம் எடுபடாமலே போனது. தன் கட்சி ஆதரித்தால் தாராளவாதி கறார்த் திட்டத்தையும் பழமைவாதி தாராளத் திட்டத்தையும் ஆதரித்தார்கள். உங்கள் முடிவுக்கு எது காரணம் என்று கேட்டதற்கு, திட்டத்தைப் படித்துப் பார்த்துத்தான் சொல்கிறோம் என்றார்கள். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்கள்.

ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்து லார்ஸ் ஹாலும் பெட்டர் யோஹான்சனும் 2012இல் வெளியிட்டது இன்னும் குறும்பான சோதனை. பூங்காவில் உலாவுகிறவர்களிடம் அட்டையில் பொருத்திய ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். அறம் சார்ந்த கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று எண்ணால் குறிக்க வேண்டும். முதல் பக்கத்தின் சில கூற்றுகள் தனித் துண்டுத் தாளில் ஒட்டியிருந்தன. பக்கத்தைப் புரட்டி அட்டையின் பின்பக்கம் கொண்டுபோகும்போது அங்கே தடவியிருந்த பசை அந்தத் துண்டைப் பிய்த்துக்கொண்டுவிடும். அடியில் இருப்பது அதே கூற்று, ஆனால் அர்த்தம் தலைகீழ். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தால், அவர் போட்ட எண் அப்படியே இருக்கும், கூற்று மட்டும் மாறியிருக்கும். "இதை வாசித்து, ஏன் இப்படிக் குறித்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார்கள். 69 சதவீதம் பேர் மாற்றப்பட்ட இரண்டு கூற்றுகளில் ஒன்றையாவது தம்முடையதாகவே ஏற்றுக்கொண்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் சில நிமிடங்களுக்கு முன் தாம் சொன்னதற்கு நேர் எதிரானதற்கு ஆதரவாக, சரளமாக வாதாடினார்கள்.

உங்கள் மூன்றாம் கேள்விக்கான பதில் ஓரளவு இங்கே வந்துவிடுகிறது. உங்கள் கருத்து முழுக்க நீங்கள் யோசித்து அடைந்ததா? இல்லை. என்னுடையதும் இல்லை. அதற்காக அது பொய் என்றோ மதிப்பில்லாதது என்றோ ஆகிவிடாது. ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்பது வேறு, அது சரியா என்பது வேறு. சரிபார்க்கும் வேலை உங்களிடம்தான் இருக்கிறது. எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியை உங்களுக்கும் தருகிறேன்: என் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஆதரிக்கும் ஒன்றில், கடைசியாக எப்போது, எதில் நான் மாறுபட்டேன்? நெடுநேரம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை என்றால், அங்கே யோசித்தது நான் இல்லை.

இனி உதவித்தொகைச் சண்டை. தம்பிக்கு மனசாட்சி இல்லை என்று அந்த ஒரு வாக்கியத்திலிருந்து முடிவுகட்டினீர்கள். அந்த வாக்கியத்தை மறுபடி பாருங்கள். உழைக்கிறவனிடமிருந்து எடுத்து உழைக்காதவனுக்குக் கொடுக்கலாமா என்பது நியாயத்தைப் பற்றிய கேள்வி, அறம் சார்ந்த முறையீடு. அற அடித்தளக் கோட்பாட்டுக்காரர்களே 2023இல் தங்கள் பட்டியலைத் திருத்தி, எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்ற உணர்வையும், அவரவர் பங்களிப்புக்கு ஏற்பக் கிடைக்க வேண்டும் என்ற உணர்வையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். தம்பி இரண்டாவதிலிருந்து பேசினார். நீங்கள் இரக்கத்திலிருந்து கேட்டீர்கள். இரக்கம் காதில் விழாததால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட்டீர்கள்.

ஆனால் இருவருக்கும் அடிப்படை உணர்வே வேறு என்று இதிலிருந்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அதற்கு எதிரான சான்று ஒன்று உண்டு, உங்கள் சண்டைக்கு அளவெடுத்துத் தைத்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் லெனெ ஆரோவும் மைக்கேல் பாங் பீட்டர்சனும் 2014இல் வெளியிட்டார்கள். டென்மார்க் மக்கள் நலத்திட்டங்களுக்குப் பேர்போனவர்கள், அமெரிக்கர்கள் அதில் சந்தேகப் பேர்வழிகள். இரு நாட்டினரிடமும், "அரசு உதவியில் வாழும் ஒரு மனிதர்" என்று மட்டும் சொல்லி, இப்படிப்பட்டவர்களுக்கான உதவியைக் கடுமையாக்கலாமா என்று ஒரு பிரிவினரிடம் கேட்டார்கள். அமெரிக்கர்கள் கடுமையாக்கும் பக்கம், டேனியர்கள் எதிர்ப்பக்கம், நல்ல இடைவெளி. இன்னொரு பிரிவினருக்கு அதே மனிதரைப் பற்றிக் கூடுதலாகச் சொன்னார்கள்: இவர் நிலையான வேலையில் இருந்ததே இல்லை, உடம்பு நன்றாக இருக்கிறது, வேலை தேடும் ஆர்வம் இல்லை. மூன்றாவது பிரிவினருக்கு: இவர் எப்போதும் நிலையான வேலையில் இருந்தவர், வேலையிடத்து விபத்தில் அடிபட்டுவிட்டார், திரும்ப வேலைக்குப் போகத் துடிக்கிறார்.

அந்த இரண்டு வரிகள் போதுமானதாக இருந்தன. சோம்பேறியாகக் காட்டியபோது டேனியர்களும் கறாரானார்கள், விபத்தில் சிக்கியவராகக் காட்டியபோது அமெரிக்கர்களும் இளகினார்கள். இரு நாட்டுக்கும் இடையே இருந்த பெரிய வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமல் போனது. முயற்சி செய்தும் முடியாதவருக்குக் கை கொடுக்கவும், முயற்சியே இல்லாமல் நம் உழைப்பில் ஒட்டிக்கொள்பவரை விலக்கவும் சொல்லும் உள்ளுணர்வு இரு பக்கத்திலும் ஒன்றுதான். யாரென்று சொல்லாமல் விட்டபோது ஒவ்வொரு நாட்டினரும் தங்கள் மனதில் ஏற்கெனவே இருந்த ஓர் ஆளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள், வேறுபட்டது அந்த ஆள்.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் அனுமானம். தம்பி "உழைக்காதவன்" என்றபோது அவர் மனதில் ஒரு முகம் இருந்தது. அவர் அலுவலகத்தில் வேலையைத் தட்டிக் கழிக்கும் யாரோ, செய்தியில் பார்த்த யாரோ. நீங்கள் கொதித்தபோது உங்கள் மனதில் இருந்தது வேறு முகம். இரண்டு பேரும் ஒரே மனிதரைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஆளுக்கொருவரைப் பற்றிப் பேசினீர்கள். உதவி பெறுகிறவர்களில் எந்த வகை எத்தனை பேர் என்பது பிறவிக் குணத்தால் தீர்கிற விஷயமே அல்ல, தரவை எடுத்துப் பார்த்துப் பேசக்கூடியது.

ஆகவே வாதாடிப் பயனே இல்லையா என்று கேட்டால், நீங்கள் வாதாடிய விதத்தில் பயன் இல்லை என்பேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றால் எத்தனை புள்ளிவிவரம் கொட்டினாலும் எடுபடாது. முதலில் அந்த மனசாட்சிக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. "அன்னிக்கு உன்னைப் பத்தி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உதவித்தொகை விஷயத்துல நான் இன்னும் அதேதான் நினைக்கிறேன்" என்றால் போதும். அதோடு அன்றைக்கு நிறுத்திவிட்டாலும் நல்லதே.

பிறகு சமயம் வாய்க்கும்போது, "அன்னிக்குச் சொன்னியே, உழைக்காதவன்னு, யாரை நினைச்சுச் சொன்னே?" என்று கேளுங்கள். மடக்குவதற்கான கேள்வியாக இருக்கக் கூடாது. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் உங்கள் மனதில் இருந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள், ஒரு மனிதரின் கதையாக. டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகச் சென்றவர்கள் திருநர்களைப் பற்றி 10 நிமிட அளவில் பேசினார்கள். எதிராளியைக் குறை சொல்லாமல், அவரது சொந்த அனுபவத்தைக் கேட்டு, அதிலிருந்து பேச்சை வளர்த்தார்கள். வெறுப்பு ஓரளவு குறைந்தது, குறைந்தது மூன்று மாதம் நிலைத்தது. எல்லாரும் மாறிவிடவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று பேசியதற்கே இந்தப் பலன்.

எதிராளியின் அற மொழியில் பேசினால் எடுபடும் என்று இன்னொரு உத்தியும் சொல்வார்கள். சுற்றுச்சூழல் மாசைத் தூய்மை கெட்டுப்போகும் விஷயமாகச் சொன்னபோது பழமைவாதிகள் சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு அதிக ஆதரவு தந்ததை மேத்யூ ஃபைன்பெர்க்கும் ராப் வில்லரும் 2013இல் காட்டினார்கள். தேர்தல் பிரசாரத்துக்கு அது பயன்படலாம். கூடப் பிறந்தவரிடம் கருவியாக எடுக்காதீர்கள். உங்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் நம்பாத ஒன்றை நம்புவது போலப் பேசுவது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். உழைத்தவருக்கு உரியது கிடைக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் உண்மையிலேயே உடன்பாடு இருந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள்.

ஒரு எல்லையையும் குறித்துவிடுகிறேன். இவ்வளவும் உதவித்தொகை மாதிரியான விஷயங்களுக்கு. யாரையாவது மனிதராகவே மதிக்காத பேச்சு வந்தால், அதன் வேர் எங்கே என்று புரிந்துகொள்வது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு. எழுந்து போய்விடலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

கடைசியாக, அற அடித்தளக் கேள்வித்தாள் ஒன்றை இணையத்தில் பார்த்ததாகவும், தம்பியை நிரப்பச் சொல்லலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்றைய தேதியில் ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைத்தான் அது காட்டும், அதுவும் அரசியல் காற்றுக்கு ஏற்ப ஆடும் என்று மேலே பார்த்தோம். தவிர, பேச்சே இல்லாத நிலையில் அக்காவிடமிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தால், அதைப் பரீட்சை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் மட்டும் நிரப்பிப் பார்ப்பதானால் தடையில்லை. இன்றைக்கு ஒரு தரம் நிரப்புங்கள், அடுத்த தேர்தல் சூட்டில் இன்னொரு தரம் நிரப்பி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.